மழை பெய்தால் தோற்கும் சோதனை

மழை பெய்தால் எங்கள் மென்பொருள் கெட்டுப்போகிறது என்று இரண்டு வாரம் நான் மனப்பூர்வமாக நம்பினேன். மற்ற எல்லாவற்றையும் விளையாட்டாக ஊரெல்லாம் சொல்கிறவன், இதை மட்டும் ஒருவரிடமும் சொல்லாமல் நம்பினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஓர் ஐப்பசி. திருவனந்தபுரத்தில் அந்த மாதம் மூன்று மணிக்கு வானம் இருட்டும், இடி இடிக்கும், கொட்டித் தீர்க்கும், கூடவே கரண்டும் போகும். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனி எங்களுடையது. மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கும் சோதனைப் புரோகிராம்கள் என் வேலை. தினமும் மூன்றரைக்கு அவை என் கம்ப்யூட்டரில் தாமாக ஓடும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. சாயங்காலம் என் திரையில் பார்ப்பேன்.

அதில் ஒன்று மட்டும் சில நாள் பச்சை, சில நாள் சிவப்பு. நோயாளியின் ரிப்போர்ட்டுகளை எல்லாம் சேர்த்து எடுத்துத் தரும் பகுதியைச் சரிபார்ப்பது அது; வரும் பட்டியல் நான் எழுதிவைத்த பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். அந்தப் பகுதியை எழுதியவள், பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த பெண். அவளுடைய ஆறு மாத புரொபேஷன் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. சிவப்பு நிற்காவிட்டால் வேலை உறுதியாகாது என்று மேனேஜர் அவளிடம் நேராகவே சொல்லியிருந்தார்.

நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன்: தேதி, நிறம், மழை. மழை பெய்த நாளெல்லாம் சிவப்பு. கேபிளுக்குள் ஈரம் இறங்குகிறது என்று முடிவுகட்டி, பேக்கரிப் பைகளை வெட்டி என் மேஜைக்கடியில் கிடந்த கேபிள் முழுவதும் சுற்றினேன். தரை துடைக்க வந்த அக்கா, யாருக்குக் கட்டுப் போட்டிருக்கிறது என்று விசாரித்தாள். மறுநாளும் மழை. சிவப்பு.

தப்பு அந்தப் பெண்ணுடையதுதானா என்று மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். மழை என்று சொல்ல வெட்கம். என் சோதனையே தப்பாக இருக்கலாம் என்று சொல்லப் பயம். அப்படித்தான் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கேன்டீனில் அவள் இருந்த பக்கம் நான் உட்காரவில்லை.

ஒரு வியாழக்கிழமை, மரக்கிளை வெட்டுவதற்காக மின்வாரியத்தார் மூன்று மணிக்கே கரண்டை நிறுத்தினார்கள். வெளியே சுள்ளென்று வெயில். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. சிவப்பு. நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் அவள் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தது தெரியாது.

"சார், இன்னைக்கு மழையே பெய்யலியல்லோ?"

"அதுதான் எனக்கும் பிடிபடலை."

"கரண்டுதானே போச்சு. மூணரைக்கு உங்க கம்ப்யூட்டர் அணைஞ்சில்ல கிடந்திருக்கும். பின்னே இதை ஓட்டினது யாரு?"

என் கம்ப்யூட்டர் பதில் சொல்லாவிட்டால் வேலை உள்ளறைக்குப் போகும். அங்கே பேட்டரியில் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அந்த ஏற்பாட்டைச் செய்துவைத்த புத்திசாலியும் நானே. என்னுடையதை இயக்கியது விண்டோஸ், அதை இயக்கியது லினக்ஸ்.

ஒரே ரிப்போர்ட்டுகளை அவள் இரண்டிலும் பட்டியல் எடுத்துப் பார்த்தாள். என்னுடையதில் ரிப்போர்ட் ஃபைல்களின் பெயர்கள் ஏ, பி, சி என்று வரிசையாக நின்றன. உள்ளறையில் கலைந்து கிடந்தன. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

"உங்க மெஷின் அசெம்பிளியில நிக்குது சார். இது ஸ்கூல் விட்ட மாதிரி வருது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அதை நீங்களே போய் மாத்திச் சொல்லணும் சார். நான் சொன்னா எடுபடாது."

மாடிப்படியில் இரண்டு தடவை திரும்பி வரப் பார்த்தேன். மேனேஜரின் அறைக்குள் போய், தப்பு அவளுடையதல்ல என்று சொன்னேன். போன வாரம் ஏன் வேறு மாதிரி சொன்னாய் என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை. அவளை நிறுத்தும் கடிதம் டைப்பாகிக் கையெழுத்துக்காக மேஜையில் இருந்தது. அதை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

திங்கட்கிழமை அவள் வேலை உறுதியானது. அவளுடைய புரோகிராம் ஒரு ரிப்போர்ட்டையும் விட்டதில்லை; எந்த வரிசையில் தர வேண்டும் என்று அவளிடம் யாரும் சொன்னதும் இல்லை. விண்டோஸ் பெயர்களை அகரவரிசையில் கொடுத்தது, லினக்ஸ் கொடுக்கவில்லை. வந்த பட்டியலை வரிசைப்படுத்திவிட்டு ஒப்பிடச் சொல்லும் ஒரு வரியை, என் சோதனையில் நான் எழுதியிருக்கவில்லை.