குளவி வந்தால் குப்புறப் படு

“…சங்கு ஊதுனா வாயத் தொறந்துக்கணும் அத்தான். மூடிக்கிட்டு நின்னா காது கிழிஞ்சிரும். அவ்வளவு பெரிய பீரங்கி.”

இதைச் சொன்னவன் என் மச்சான், மனைவியின் தம்பி. இடம், பெல்மதுளைக்குப் பக்கத்தில் ஒரு மாணிக்கக் குழியின் ஓரம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் குழியில் வேலையில்லை. அவனும் என் மகனும் மண் தோண்டும் பெக்கோ மெஷினின் வாளியில் தேய்ந்த பல்லைக் கழற்றிப் புதுப்பல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் த்ரீவீலரில் சோறு கொண்டுபோயிருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெக்டரி சங்கு ஊதினால் வேலைக்கு ஓடுவோம். ஆள் செத்தாலும் சங்குதான். பீரங்கிக்கும் ஒன்று உண்டென்று அன்றுதான் கேள்விப்பட்டேன். சுடுவதற்கு முன் ஊதுமாம், பக்கத்தில் நிற்பவர்கள் விலகுவதற்கு.

“அப்ப அங்க செத்தவனுக்கு யாரு ஊதுறது?” என்றேன்.

“அதுக்கெல்லாம் நேரம் இல்ல அத்தான்.”

பெக்கோ ஓட்டுவதில் மச்சானை மிஞ்ச இந்தப் பக்கம் ஆளில்லை. ரஷ்யாவில் மெஷின் வேலை என்று இரத்தினபுரி ஏஜென்ட் ஒருவன் சொன்னான். “பய வென்ட எபா மல்லி,” பயப்படாதே தம்பி என்று சிங்களத்தில் சொல்லித் தோளில் தட்டித்தான் அனுப்பினான். போய் இறங்கியதும் மச்சானுக்குப் பட்டாளத்து உடுப்பைக் கொடுத்து, உக்ரேன் சண்டையில் பீரங்கி வண்டி ஓட்டவிட்டார்கள். தானே ஓடும் பீரங்கி, சங்கிலிச் சக்கரம். பின்னால் ஓர் இரும்புப் பலகை. சுடுமுன் அதை மண்ணில் ஆழ இறக்கி ஊன்ற வேண்டும், இல்லாவிட்டால் உதைக்கிற உதையில் வண்டியே பின்னால் போய்விடும். மண் தோண்டத் தெரிந்தவன் என்றுதான் இவனைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள்.

வண்டிக்கு என் வயது இருக்குமாம். ஏதோ கொட்டகையில் வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்து வந்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள். முன்னால் ஓட்டியவர்கள் கதவின் உட்பக்கம் ஆணியால் பெயர் கீறியிருந்தார்களாம். இவனுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை.

என் மகனும் அதே ஏஜென்டிடம் பெயர் கொடுத்திருந்தான். புதன்கிழமை பிளேன். தாய் அழுது பார்த்தாள், நான் திட்டிப் பார்த்தேன். சொல் புத்தியும் இல்லை, சுய புத்தியும் இல்லை என்பார்களே, அந்த ரகம். பட்டவன் சொன்னாலாவது கேட்பான் என்று மச்சானிடம், “ஒண்ணையும் மறைக்காமச் சொல்லு” என்று கேட்டுக்கொண்டேன். சொல்லச் சொல்ல மகனுக்குக் கண் மின்னியது.

“குண்டு எவ்வளவு பாரம் மாமா?”

“ரெண்டு மூட கொழுந்தவிடக் கூட. தனியாத் தூக்க ஏலாது. என்கூட ஒரு நேபாளப் பய இருந்தான், அவனும் இன்னொருத்தனும் தள்ளிக்கிட்டு வருவாங்க.”

“எவ்வளவு தூரம் போகும்?”

“இங்க சுட்டா நாப்பது கிலோமீட்டர் தள்ளி தெரணியகலையில விழும்டா. விழுற எடத்துல யாரு இருக்கான்னு நமக்குத் தெரியாது. சுட்டதும் ஓடிறணும், நின்னா திருப்பி அடிப்பான்.”

“சூப்பர் மாமா!”

மச்சான் என்னைப் பார்த்தான். அதுவரை தன் அக்காவிடம்கூடச் சொல்லாததை அப்போதுதான் எடுத்தான்.

“ஒரு நாள் சுட்டு முடிச்சாச்சு. பலகைய ஏத்துறேன், வரல. மண்ணு உறைஞ்சு கவ்விருச்சு. எறங்கிக் கொத்திக்கிட்டு இருக்கோம், மேல ட்ரோன் வந்துருச்சு. குளவி எரையிற மாதிரியே சத்தம்.”

குளவிச் சத்தம் கேட்டால் ஓடாதே, குப்புறப் படு, தலையை மூடு என்பது தேயிலைமலையில் நடை பழகும்போதே காதில் விழுகிற பாடம். ஓடினவளைத்தான் குளவி துரத்தும். எங்கள் டிவிசனில் அப்படி ஓடி விழுந்த ஒருத்தியை, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில்தான் தூக்கி வந்தோம்.

“எறங்கி நின்ன எல்லாவனும் காட்டுக்குள்ள ஓடுனான். நான் மட்டும் குப்புற விழுந்துட்டேன் அத்தான். நம்ம புத்தி! அந்த நேபாளப் பய திரும்பிப் பாத்துருக்கான். எனக்கு அடிபட்டுச்சுன்னு நெனச்சு ஓடி வந்து காலரப் புடிச்சு இழுத்தான். குண்டு அவன் மேலதான் விழுந்துச்சு. கண்ண முழிச்சா அவன் கை மட்டும் என் காலர்ல தொங்குது. வண்டியில இருந்த வெடிமருந்துப் பை எல்லாம் பத்திக்கிச்சு. வண்டிக்குள்ள ரெண்டு பேரு. கத்துனாங்க. கொஞ்ச நேரந்தான் கத்துனாங்க.”

முதுகு வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்துதான் ஊர் வந்து சேர்ந்தான். சட்டையைத் தூக்கிக் காட்டினான். உருகி இறுகிய ரப்பர் பால் மாதிரி இருந்தது.

மகன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். ‘அப்பாடா, தைத்துவிட்டது’ என்றுதான் நினைத்தேன்.

“நீங்க படுத்ததுதான் மாமா பிழை,” என்றான். “நான் படுக்க மாட்டேன். ஓடிருவேன்.”

“ஓடுவியா?”

“ஆமா. மெடிக்கல்ல டொக்டரே சொன்னாரு, கை கால் எல்லாம் ஸ்டெடின்னு. பாருங்க.” வலது கையை வாளியின் விளிம்பில் விரித்து வைத்தான். கிரீஸ் படிந்த விரல்கள், ஒரு நடுக்கம் இல்லை.

மச்சான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“புதன்கிழமதானே மாப்ள?”

“ஆமா மாமா.”

மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. வாளிப் பல்லுக்கு ஆணி அடிக்க வைத்திருந்த சம்மட்டியை இரண்டு கையாலும் ஓங்கி, அந்த விரல்களின் மேல் இறக்கினான்.