மும்பையின் ராகு காலம்

கட்டிடக்கலைக் கல்லூரிக்கான விண்ணப்பத்தை நடராஜர் கோயில் பக்கத்திலிருந்துதான் அனுப்ப வேண்டும் என்று அம்மா என்னைக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இழுத்து வந்தாள். பஸ் தாமதம். கீழவீதி கம்ப்யூட்டர் கடைக்குள் நுழையும்போது வெள்ளிக்கிழமை காலை மணி பத்து நாற்பது. பதினொன்றுக்கு விண்ணப்பம் முடிகிறது.

ஒல்லியான கடைக்காரர் காதில் பென்சில் செருகியிருந்தார். யார் விண்ணப்பம் போட வந்தாலும் பென்சிலை எடுத்து வாய்ப்பைக் கணக்குப் போட்டுச் சொல்லாமல் விடமாட்டார். என் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தார்.

"மும்பை காலேஜா? நாப்பது பர்சன்ட் உன் மார்க்கு. மீதி அறுவது நடராஜர் தூக்கின காலு."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசிப் பொத்தானை அவர் அழுத்தப் போனதும் அம்மா மவுசைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ராகு காலம் தம்பி. பன்னண்டுக்கு மேல அனுப்புங்க."

என் சிரிப்பு நின்றது. அவர் அசரவில்லை.

"இது போய்ச் சேர்றது மும்பைலம்மா. அங்க சூரியன் அரை மணி லேட்டு, ராகு காலமும் லேட்டுதான். இன்னும் இருவது நிமிஷம் நல்ல நேரம்."

அம்மா மவுசைக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் அனுப்பச் சொல்லி அவரையே விரட்டினாள்.

இடம் கிடைத்தது. ஸ்வீட்டோடு அவர் கடைக்குப் போய்க் கேட்டேன். "அண்ணே, அங்க நெஜமாவே லேட்டா?"

"யாருக்குத் தெரியும்? ஒங்கம்மாகிட்டேருந்து மவுச வாங்கணுமே."

மும்பை வந்ததும் இந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அரை மணி தாமதம் சரியாகவே இருந்தது. அவருக்கு நாற்பது பர்சன்ட் தெரிந்திருக்கும். மீதி தூக்கிய கால்.