கண் தெரியாத நாயும் கனடா எண்ணெயும்

மின்சாரப் பகுதியில் மீற்றர் வாசித்து ஓய்வு பெற்றவன் நான். அச்சுவேலிப் பக்கத்து நாய்களில் பாதிக்கு என் கெண்டைக்காலைத் தெரியும். ஆகவே நாய்கள்மீது எனக்குத் தனிப்பட்ட பிரியம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது மனைவியின் நாய். மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன வருடம் குட்டியாக வந்து சேர்ந்தது. இப்போது அதற்குக் கிழப்பருவம். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து பார்வை முழுதாகப் போய்விட்டது.

பார்வை போனதை நாங்கள் அறியவே கனநாள் சென்றது. அவ்வளவு ஒழுங்காக நடமாடியது. குசினி வாசல், கிணற்றடி, மாமரத்தடி, என் சாய்மனைக் கதிரையின் கீழ்ப்புறம் என்று தன் இடங்களுக்கெல்லாம் எதிலும் முட்டாமல் போய்வரும். கேற்றைத் திறப்பவர் வீட்டு ஆளா வெளி ஆளா என்று நான் எட்டிப் பார்க்க முன்னரே அதற்குத் தெரிந்துவிடும். என் கண்ணாடியோடு நான் படுகிற பாட்டுக்கு, எங்கள் இருவரில் அதுதான் தெளிவாக இருந்தது.

மகள் தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோக் கோல் எடுப்பாள். எங்களுக்கு விடிந்திருக்கும், அவளுக்கு அது முதல்நாள் இரவு. போன புதிதில் கதை முடியாது. பனி, பஸ், மாமியார், மரக்கறிக் கடை என்று அவள் கொட்ட, மனைவி தேத்தண்ணி ஆறுவதும் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். வருடங்கள் போகப் போக அது வற்றியது. சாப்பிட்டீர்களா, மழை பெய்ததா, அப்பாவின் பிறசர் எப்படி. அதற்குப் பிறகு இரண்டு பேரும் திரையில் தங்கள் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மனைவி தலைமயிரை ஒதுக்குவாள். மகளும் ஒதுக்குவாள்.

"வேறை என்னம்மா?"

"வேறை ஒண்டுமில்லைப் பிள்ளை."

கோல் முடிந்த பிறகும் மனைவி அந்த மேசையை விட்டு எழும்பமாட்டாள். அதைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். எரிச்சல் என்று சொல்வது வசதியாக இருக்கிறது. உண்மையில் அது கவலை. இந்தக் கதை ஒருநாள் அடியோடு நின்றுவிட்டால் இவள் என்ன ஆவாள் என்ற கவலை.

அந்த நிலைமையில்தான் எண்ணெய்கள் வந்தன. மகள் அங்கே ஏதோ வகுப்புக்குப் போய், பூ, இலை, பட்டை எல்லாவற்றிலும் வடித்தெடுக்கிற எண்ணெய்களைப் பற்றிப் படித்திருந்தாள். ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டாள். சுண்டுவிரல் உயரத்தில் கபில நிறப் போத்தில்கள். லவெண்டர், றோஸ்மேரி, யூக்கலிப்டஸ், பெப்பர்மின்ற், கராம்பு. கராம்பு விளைகிற நாட்டுக்குக் கனடாவிலிருந்து கராம்பு எண்ணெய் வருகிறதே என்று நான் கேட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு வகுப்பு. றோஸ்மேரியைத் தேங்காயெண்ணெயில் கலந்து தலைக்கு வைக்க வேண்டும். மயிர் கொட்டுவது நிற்கும். யூக்கலிப்டஸை நிலம் துடைக்கிற வாளித் தண்ணீருக்குள் விட வேண்டும். கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து அலுமாரி மூலையில் வைத்தால் கரப்பான் வராது. லவெண்டரைத் துணியில் தடவி நாயின் கழுத்தில் கட்டினால் உண்ணி பிடிக்காது. எல்லாம் துளிக் கணக்கு. துளி என்பதை மகள் ஒவ்வொரு நாளும் சொன்னாள்.

எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் உள்ளங்கையில் வார்த்து உச்சியில் அரக்கித் தேய்ப்பது. காதுக்குள்ளும் தொப்புளிலும் வைக்காவிட்டால் அது முழுக்கே இல்லை. அப்படிப் பழகிய கைக்குத் துளி என்பது கஞ்சத்தனம். போத்தில் வாயில் இருந்த பிளாஸ்ரிக் அடைப்பை மனைவி முதல் நாளே ஊசியால் நெம்பி எடுத்துவிட்டாள். வாளிக்கு ஒரு சிந்தல், தலைக்கு ஒரு சிந்தல். சனிக்கிழமை எனக்குப் பெப்பர்மின்ற் முழுக்கு. உச்சி மத்தியானம் வரை குளிர்ந்துகொண்டே இருந்தது. மயிர் முளைப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "உங்கடை வீடு பிறைவேற் ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மனைவி அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டாள்.

ஆனால் கோல் நீண்டது. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மனைவி போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய், துடைத்த நிலத்தைக் காட்டுவாள். தலையைக் குனிந்து உச்சியில் புதுமயிர் தெரிகிறதா என்று கேட்பாள். மகள் அங்கே தன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்ப்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். மாதம் முடியமுன்னரே போத்தில்கள் காலியாகும். "முடிஞ்சு போச்சுப் பிள்ளை" என்று இவள் சொல்ல, "அம்மா, அதைக் குடிக்கிறியளோ?" என்று அவள் கேட்பாள். அடுத்த பெட்டி வரும். சமையலறையில் பாடிக்கொண்டு புட்டுக்கு மா குழைக்கிற மனைவியைக் கனகாலத்துக்குப் பிறகு பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாய்தான் தடுமாறத் தொடங்கியது. ஒருநாள் குசினி நிலையில் போய் முட்டியது. இன்னொரு நாள் விறாந்தையின் நடுவில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தலையை இங்கும் அங்கும் ஆட்டியது. சாப்பாட்டுக் கோப்பை முன்னால் இருக்க, சுவரை முகர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒருநாளும் மூத்திரம் விட்டு நனைக்காதது, ஹோலுக்குள் நனைத்தது. கேற் திறந்திருந்த ஒரு மத்தியானம் வெளியே போய், ஒழுங்கையின் நடுவில் வெயிலில் அப்படியே நின்றிருக்கிறது. ஓட்டோக்காரர் ஒருவர் இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தார்.

"வயசு போட்டுது. மண்டையும் பிசகிப்போச்சு" என்றேன் நான்.

மனைவி நாயின் கழுத்துத் துணியில் இன்னும் கொஞ்சம் லவெண்டரை ஊற்றினாள். லவெண்டர் மனதை அமைதிப்படுத்தும் என்று மகள் சொல்லியிருந்தாள்.

அந்த மாதம் சாவகச்சேரியில் மனைவியின் ஒன்றுவிட்ட தமக்கை இறந்துபோனார். மனைவி எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடியும்வரை அங்கேயே நின்றாள். வீட்டில் நானும் நாயும். நிலம் துடைக்கிற வேலையை நான் ஒருநாளும் செய்ததில்லை. அந்தக் கிழமையும் செய்யவில்லை. என் கதிரையின் கீழ் வந்து படுக்கிற நாயின் கழுத்திலிருந்து எழுந்த நெடி தாங்காமல் துணியை அவிழ்த்துக் கிணற்றடிக் கொடியில் போட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது நாய் என்னைக் கடந்து, நிலையில் முட்டாமல், குசினிக்குள் நேராகப் போனது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். கோப்பையில் வாய் வைத்திருந்தது.

மனைவி திரும்பி வந்து கேற்றைத் தொட்டபோதே அது வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்குப் போனது. நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் வேலை செய்யாததற்கு நியாயம் தேடுகிறேன் என்று நினைத்தாள். அன்று பின்னேரமே துணியில் புதிதாக லவெண்டர் விட்டுக் கட்டினாள். நாய் நாலு அடி வைத்துத் தூணில் இடித்தது. மனைவி உடனே துணியை அவிழ்த்தாள். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இவனுக்கு மூக்குத்தானே கண். நான் அதையும் பொத்திப்போட்டனே" என்றாள்.

மிருக வைத்தியரைப் போனில் கேட்டோம். அப்படிப்பட்ட எண்ணெய்கள் நாய்க்கு ஆகாது, நக்கினால் நோய் வருத்தமும் வரும், ஒன்றையும் பூச வேண்டாம் என்றார். அன்றே எல்லாப் போத்தில்களையும் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். தலைக்கு வெறும் தேங்காயெண்ணெய், நிலத்துக்கு வெறும் தண்ணீர் என்று பழைய நிலைக்கு வந்தோம்.

"விடிய அவளுக்குச் சொல்லும்" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன்?"

"சொன்னா, ஐயோ பாவம் எண்டுவாள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா எண்டுவாள். அது ஒருநாள் கதை. அதுக்கடுத்த நாள் என்னத்தைக் கதைக்கிறது? மழை பெய்ததோ எண்டோ?"

அடுத்த நாள் ஏழு மணிக்கு மனைவி போனுக்கு முன்னால் இருந்து, வீடு முழுக்க யூக்கலிப்டஸ் மணக்கிறது என்று சொன்னாள். இவளுக்குப் பொய் சொல்ல வராது என்று கலியாணம் முடித்த நாள் முதலாக நம்பியிருந்தவன் நான். இப்போது பார்த்தால் வாய் கூசாமல் வருகிறது. லவெண்டர் தலையணைக்கு எவ்வளவு சுகம், பெப்பர்மின்ற்றுக்கு எறும்பு எப்படி ஓடுகிறது. நான் எதிர்க்கதிரையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருப்பேன். நாய் என் காலடியில் கிடந்து, மகளின் குரல் வரும்போது காதை மட்டும் நிமிர்த்தும். ஒரு விஷயத்தில் மட்டும் மனைவியின் மனச்சாட்சி விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த பெட்டி அனுப்பட்டா என்று மகள் கேட்கும்போதெல்லாம், "இன்னும் கிடக்குப் பிள்ளை" என்பாள். பிள்ளை உழைத்து அனுப்புவதை வாங்கி அலுமாரியில் பூட்டி வைக்க அவளால் முடியவில்லை.

இப்படிச் சில மாதங்கள் போயின. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மனைவி விடியவே கோயிலுக்குப் போய்விட்டாள். ஏழு மணிக்குப் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அம்மா எங்கை?"

"கோயிலுக்கு."

"இண்டைக்கு எண்ணெய் போட்டாச்சோ அப்பா?"

"ஓம். எல்லாம் போட்டாச்சு" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன்.

மகள் சிரித்தாள். "அப்பா, உங்களுக்கு உது வராது. முந்தி மாதம் முடிய முந்தியே அம்மா, முடிஞ்சுது முடிஞ்சுது எண்டுவா. இப்ப இத்தனை மாதமா ஒரு போத்திலும் முடியேல்லை. அம்மாவின்ரை கைக்கு அது நடக்கிற காரியமே?"

மறைக்க முடியவில்லை. நாயின் கதையைச் சொன்னேன். முடிந்ததும் அவள் மன்னிப்புக் கேட்பாள், கோபப்படுவாள், ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். "நாளைக்கும் நான் கேப்பன்."

"தெரிஞ்சுகொண்டு என்னத்துக்குப் பிள்ளை கேக்கிறாய்?"

"வேறை என்னத்தை அப்பா கேக்கிறது? நான் வெளிக்கிட்டுப் பத்துப் பன்ரண்டு வருஷமாச்சு. அங்கை இப்ப ஆர் என்ன செய்யினம் எண்டு எனக்குத் தெரியாது. என்ரை வேலை, இஞ்சத்தைப் பாடு ஒண்டும் அம்மாவுக்கு விளங்காது. உந்த எண்ணெய் ஒண்டுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்."

திரையில் அவள் தலைமயிரை ஒதுக்கினாள். முன்பக்கம் இரண்டு நரை. அதை நான் அன்றுதான் கண்டேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மனைவி விபூதிப் பூச்சோடு திரும்பி வந்து, செருப்பைக் கழற்ற முன்னரே கேட்டாள்.

"பிள்ளை எடுத்தவளே? என்ன கேட்டவள்?"

"எண்ணெய் போட்டாச்சோ எண்டு கேட்டவள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"போட்டாச்சு எண்டு சொன்னன்."

அவள் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "நம்பினவளே?"

"ஓம். நம்பினவள்."

அவள் கதிரையில் இருந்து, நாயின் காதைத் தடவிக்கொண்டு, நாளைக்கு எதைச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினாள்.

"கராம்பைச் சொல்லும்" என்றேன். "அதைச் சொல்லிக் கனநாள்."