உமிக் குவியல்ல சறுக்குன தொரை

குத்தாலத்துல ஒரு பங்களாவுல எனக்குச் சமையல் வேலை. அப்ப மீசை அரும்புன வயசு. என்ன வயசுன்னு கேட்டா தெரியாது, எங்க வீட்டுல யாரு எழுதி வச்சா? ஆத்தா அய்யா ரெண்டு பேரும் காலராவுல போய்ட்டாவ. பங்களாவுல தொரை மட்டுந்தான். தோட்டத்து ஆளுககிட்டப் பேசிப் பழகுன தமிழு அவருக்கு. தொரைசானி கோவிச்சுக்கிட்டுச் சீமைக்குப் போயி, வருசக்கணக்காத் திரும்பல.

ஒரு ஆனி மாசம் சாரல் நல்லா விழுந்துக்கிட்டு இருக்கு, தொரை சிரிச்சுக்கிட்டே வாராரு. அவரு சிரிச்சு நான் பாத்ததே கெடையாது. "அம்மா வருது. பனிமலைக்கு. மார்கழியில நானும் போறேன்." இந்த ஊருக்கு வரமாட்டேன், கலியாணம் ஆன புதுசுல போன, சீமைப் பக்கத்துப் பனிமலைக் கிராமத்துக்கு வாறேன்னு தொரைசானி சம்மதிச்சுட்டாளாம்.

மலைக்குப் போறதுன்னா எங்களுக்குக் குளிக்கத்தானே? செக்கு நல்லெண்ணெய் ஒரு குப்பி, சீயக்காத்தூளு, ரெண்டையும் தொரை பெட்டியில எடுத்து வச்சேன்.

"என்னலே இது?"

"அங்கன அருவியில குளிக்கதுக்கு, தொரை."

"அங்க யாரும் அருவியில குளிக்க மாட்டாங்க."

"பின்ன எதுக்குப் போறிய?"

"கால்ல பலகை கட்டி, பனி மேல உச்சியில இருந்து வழுக்கி வரணும்."

"இங்கன அருவிப் பாறையில வழுக்கி விழுந்துரக் கூடாதுன்னு ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்காவ. நீங்க துட்டு குடுத்து வழுக்கப் போறியளா?"

தொரை இருமல் வாற மட்டும் சிரிச்சாரு.

பலகை எங்கிருந்தோ பார்சல்ல வந்துச்சு. ஆள் உசரம், முன்னால வளைஞ்சு இருக்கும். பழகணுமே, பனிக்கு எங்க போக? இலஞ்சி அரிசி மில்லுக்குப் பொறத்தால உமி மலையாட்டம் கெடக்கும். நான் பலகையைச் சுமந்துக்கிட்டுப் போவேன். முழங்காலு பொதைய ஏறுவாரு, ரெண்டு முழம் சறுக்குவாரு, குப்புற விழுவாரு.

"ஏட்டி, இங்கன வாங்கட்டி, தொரை விழுதாரு!" மில்லுப் பொம்பளையளுக்கு வேலையே ஓடல.

தலையெல்லாம் உமியோட எந்திச்சு, "அவ நல்லா சறுக்குவா. நான் விழுந்தா சிரிப்பா. சிரிக்கட்டும்"னாரு.

ஆவணி கழியுமுன்ன ஜெர்மன்காரன் சண்டை வந்துட்டு. கப்பலையெல்லாம் சண்டைக்கு எடுத்துக்கிட்டாவளாம். தொரை தென்காசிக்குப் போயி, சீமைக்குக் கப்பல் உண்டான்னு விசாரிச்சுட்டு, தொப்பலா நனைஞ்சு வந்தாரு.

"சண்டை முடிஞ்ச பெறவு போலாம், தொரை."

"இந்த ஒரு வாட்டிதான் வாறேன்னு சொன்னா. இன்னொரு வாட்டி சொல்ல மாட்டா."

அன்னைக்கு மேசையில ரெண்டு தட்டு வைக்கச் சொன்னாரு.

"யாரு வாறாவ?"

"நீதான்."

எனக்கு நாற்காலியில உக்காரக் கூசிச்சு. தட்டை எடுத்துக்கிட்டுத் தரையில உக்காந்தேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. பெறவு அவரும் தட்டோட எறங்கி வந்தாரு. சம்மணம் போட வரல, சுவத்துல சாஞ்சு காலை நீட்டிக்கிட்டாரு. சாரக்காத்து கதவைப் போட்டு அடிக்கி. சோறு ஆறிப் போச்சு.