இரண்டாவது வயலின்

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பெரியவளும் பேய் என்றால் சிரிக்கிறவள்தான். ஆனால் அன்று பட்டப்பகலில், ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில், அந்த ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் நடந்தது நடந்ததுதான். கூட இருந்து கேட்ட சவுண்ட் இன்ஜினியர் இன்றைக்கும் அந்த அறைக்குள் தனியாகப் போவதில்லை.

பெரியவளும் சின்னவளும் அக்கா தங்கை. இரண்டு பேருக்கும் வயலின் சொல்லிக்கொடுத்தது அப்பா. இரண்டு நாட்டுக்கும் நடுவே எல்லையை மூடியபோது அம்மாவும் சின்னவளும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அப்பாவும் பெரியவளும் இந்தப் பக்கம். அப்பா இறந்த பிறகும் வழி திறக்கவில்லை. அங்கே சின்னவள் மேடைமேல் மேடை ஏறினாள். இங்கே பெரியவள் குழந்தைகளுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மற்ற நேரத்தில், யாரோ பாடும் பாட்டுக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக வாசித்தாள்.

அம்மா போனில் ஆரம்பித்துவிடுவாள். "உன் தங்கச்சிக்கு நேத்து எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்கடி!"

"அப்படியாம்மா" என்பாள் பெரியவள். போனை வைத்ததும் வயிறு எரியும். சொந்தத் தங்கை, எரியக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் எரியும்.

அந்த வாரம் முழுக்க அம்மா கூப்பிடவே இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஒரு பாட்டின் நடுவில் அவள் மட்டும் தனியாக வாசிக்க இடம் கொடுத்திருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். கண்ணை மூடி வாசித்து முடித்தாள்.

"பிரமாதம் மேடம்" என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சவுண்ட் இன்ஜினியர். "ஆனா ரெண்டாவது வயலின் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"எந்த ரெண்டாவது? நான் ஒருத்திதானே இருக்கேன்?"

"விளையாடாதீங்க மேடம். நீங்களே கேளுங்க."

போட்டுக் காட்டினார். அவளுடைய வயலின் கேட்டது. அதற்கடியில்... இன்னொன்று.

எதிரொலி இல்லை. அவள் அவசரமாக ஏறிய இடத்தில் அது நிதானமாக ஏறியது. அவள் தடுமாறிய இடத்தில் கைகொடுத்துத் தூக்கியது. ஒவ்வொரு வரி முடியும்போதும் விரல் லேசாகக் கீழே வழுக்கியது. அப்பா எத்தனை திட்டியும் சின்னவள் விடாத வழுக்கல் அது.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது வேறு.

இங்கேயும் வந்துட்டியா?

"இன்னொரு டேக் எடுக்கலாம்" என்றாள். மைக்கை மாற்றினார்கள். வில்லைத் தந்தியில் வைக்கப் போனாள்.

ஹ்ம்ம்ம்...

பக்கத்தில் ஒரு மூச்சு. வாசிக்கத் தொடங்குமுன் உள்ளே இழுக்கிற மூச்சு. திரும்பினாள். யாரும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

மறுபடி போட்டுக் கேட்டபோது இசையமைப்பாளரும் வந்து நின்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"யாருங்க அந்த ரெண்டாவது? தெய்வமே! முதல் வயலினைக் கொஞ்சம் குறைச்சிடுங்க."

முதல் வயலின் பெரியவள்.

ஒலிபெருக்கியைப் பார்த்தே கத்திவிட்டாள்.

"போதும்டி! நிறுத்து!"

கிறீச்...

ஒரு வில் பாதியில் நின்றது.

பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் வயலினும் ஓடியது.

அந்த இரண்டாவதை மட்டும் காணோம்.

திரும்பப் போட்டார்கள்.

இல்லை.

முதல் டேக்கிலும்... இல்லை.

சவுண்ட் இன்ஜினியர் எழுந்து கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். குரலே அவள் குரலாக இல்லை.

"சின்னவளுக்கு ஒரு வாரமா நினைவே இல்லடி. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சு. நீயும் வர முடியாது, சொல்லி உன்னை எதுக்கு வதைக்கணும்னு விட்டுட்டேன்."

பெரியவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மத்தியானம் திடீர்னு இடது கை விரல் ஆடுச்சு. போர்வை மேல... வாசிக்கிற மாதிரியே. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. பொழைச்சுக்கிட்டான்னு டாக்டரைக் கூப்பிட ஓடினேன். நான் வர்றதுக்குள்ள விரல் நின்னுபோச்சு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. ஒண்ணே ஒண்ணு சொன்னா. அதோட போயிட்டாடி."

"என்னம்மா... சொன்னா?"

"'அக்கா போதும்னுட்டாம்மா'ன்னா."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அதுக்கு என்னடி அர்த்தம்?"