நெக்ஸ்ட் பட்டனும் மூன்று லேப்டாப்பும்

1. நாற்பது பேர்

ஆவடியில் ஒரு சர்ச் ஹால். டிசம்பர் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி. பிள்ளைகளும் பெற்றோருமாக நாற்பது பேர். மேசையில் மூன்றே லேப்டாப். நான் டிசைன் செய்த டூலை வைத்து நடக்கும் முதல் நிகழ்ச்சி என்று பெருமையாகக் குறிப்பெடுக்கப் போயிருந்தேன்.

ஹால் வாட்ச்மேன் துரை என் பக்கம் சாய்ந்தார். "இன்னா மேடம், இத்தினி பேரு வந்துகினு கீறாங்க, பொட்டி மூணுதான் கீது?"

எனக்கும் அதே கேள்விதான். நிகழ்ச்சியை நடத்தும் ஸ்டெல்லா அக்கா டூலில் பத்து என்றல்லவா போட்டிருந்தார்!

2. அந்தப் பத்து

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை இந்த டூல். தங்கள் காலனியில் பிள்ளைகளைக் கூட்டி, கோடிங், எல்.ஈ.டி. என்று கையால் செய்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்த ஆசைப்படுகிறவர்களுக்குப் படிப்படியாக வழிகாட்டும் வெப்சைட். தேதி, இடம், என்ன செய்யப்போகிறோம், எத்தனை லேப்டாப் என்று ஆறு படி. ஒன்றை முடித்தால்தான் 'நெக்ஸ்ட்' பட்டன் பச்சையாகும். லேப்டாப் குறைந்தது பத்து. ஏன் பத்து? நாங்கள் டெஸ்ட் செய்தபோது மீட்டிங் ரூம் மேசையில் பத்து இருந்தது. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

"லிமிட் வெச்சாதான்மா ஒரு தரம் இருக்கும்" என்று மேனேஜர் முரளி சாரும் தலையாட்டியிருந்தார்.

3. நான்கு மூலை

ஸ்டெல்லா அக்கா ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர். அந்த சர்ச்சின் பாட்டுக் குழுவான கொயரை நடத்துபவர். மெதுவாகக் கேட்டேன்: "அக்கா, பத்துன்னு போட்டிருந்தீங்களே?"

"உன் டூலு மூணுன்னா ஒத்துக்கலையேம்மா! மூணு போட்டேன், செவப்புல திட்டுச்சு. அஞ்சு போட்டேன், மறுபடி திட்டுச்சு. பத்து போட்டதும் வழி வுட்டுச்சு. மீதி ஏழு நீங்க அனுப்புவீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பத்தை நம்பி, எங்கள் டூல் லேப்டாப்புக்கு நாலு பேர் என்று நாற்பது பேருக்கு அழைப்பு அனுப்பிவிட்டது.

"ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமே அக்கா?"

"கேக்கறதுக்கு அதுல ஒரு எடம் வெச்சிருந்தியா?"

வைக்கவில்லை. அதோடு, ஹால் கமிட்டி செயலர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்று ஒழுங்காக நடந்தால் மாதாமாதம் ஹால். இல்லையென்றால் இதோடு சரி என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தார். பக்கத்துக் கம்பெனியில் லேப்டாப் இரவல் கேட்க நான் ஃபோனை எடுத்தேன்.

"அத உள்ள வையி. எங்க கொயருக்கு ஒரே கீபோர்டு. நாலு குரலும் ஒண்ணா அது மேல வுழுந்தா பிராக்டீஸ் ஆவுமா? ஆளுக்கொரு மூலை!"

செய்யப்போவது கண்சிமிட்டும் கிறிஸ்துமஸ் ஸ்டார். முதல் மூலையில் காகிதம் வெட்டல். அடுத்ததில் எல்.ஈ.டி. ஒட்டல். மூன்றாவதில் விளக்கு எப்போது எரியணும், எப்போது அணையணும் என்று தாளில் எழுதுதல். ஒருத்தர் படிக்க, இன்னொருத்தர் கையை மூடித் திறந்து விளக்காக நடிக்கணும். அதில் தேறினவர்களுக்குத்தான் நான்காவது மூலை, லேப்டாப்: தாளில் எழுதியதை கோடிங்காக்கி ஸ்டாரின் குட்டி சர்க்யூட் போர்டில் ஏற்றுவது. அக்கா கைதட்டினால் மூலை மாற்றம். துரை அண்ணனையும் எழுத்து மூலை இழுத்துக்கொண்டது. விளக்காக நின்று கண்ணையும் சேர்த்து மூடித் திறந்தார்.

"அண்ணாத்தே ஃபியூஸ் போயிட்டாரு!" என்று ஒரு பெண் கத்த, ஹாலே சிரித்தது.

மதியம் ஒரு மணிக்கு மேடையில் பதினோரு ஸ்டார் கண்சிமிட்டின. பன்னிரண்டாவது மட்டும் சிமிட்டாமல் முறைத்துக்கொண்டிருந்தது. செயலர் எழுந்து வந்து பார்த்தார். "அடுத்த மாசமும் சனிக்கிழமைதானே? நாற்காலிய மட்டும் அடுக்கி வெச்சிருங்க."

4. பூஜ்யம்

திங்கட்கிழமை முரளி சாரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்போ லிமிட் எத்தன வெக்கப்போற?" என்றார்.

"எதுவும் வேணாம் சார்."

'எத்தனை லேப்டாப்?' என்ற கேள்வியை 'இப்போது கையில் என்ன இருக்கிறது?' என்று மாற்றி முதல் படிக்குக் கொண்டுபோனேன். எந்த எண்ணைப் போட்டாலும் வழி விடும். குறைவாக இருந்தால் அக்காவின் நான்கு மூலைத் திட்டத்தை எடுத்துக் கொடுக்கும். கீழே, கேட்பதற்கு ஒரு இடம்.

புதிதாக டிசைனுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வழியை அடைத்தால் ஆட்கள் திரும்பிப் போக மாட்டார்கள், ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே வருவார்கள். அந்தப் பொய் நம்முடையது.

அடுத்த வாரம் திருநின்றவூரிலிருந்து ஒருவர் லேப்டாப் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். பட்டன் பச்சையானது. நான் சீட்டிலிருந்து எழுந்து கைதட்டினேன்.