கை நனைக்காமல் போன தாய்மாமன்

போன வாரம் முழுக்க ஒரு கையில் இத்தாலி, இன்னொரு கையில் வெற்றிலை பாக்கு — இப்படித்தான் எனக்குப் போனது.

கல்லூரியில் வரலாற்றுப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் இடைக்கால இத்தாலியின் ஊர் வரலாறுகள். எழுதியவர்கள் ஆண்கள், எழுதப்பட்டவர்களும் பெரும்பாலும் ஆண்கள். விருந்தில் ஒருவன் இன்னொருவனை ஏதோ சொல்லிவிடுவான். அவ்வளவுதான்... பங்காளிகள் திரள்வார்கள், ஊர் இரண்டாகும். பழி வாங்காதவன் ஆம்பளையே இல்லை! பக்கம் பக்கமாக இதுதான்.

"மேடம், இப்படியுமா இருந்தாங்க?" என்று மாணவிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வைத்த ஃப்ளெக்ஸில் என் அண்ணன் படம் விடுபட்டுப் போனது. அண்ணன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல், மலைமேல் இருக்கும் தன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிட்டார். அன்றிலிருந்து அவரும் என் கணவரும் பேசுவதில்லை.

இப்போது மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கணவர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார். பதில் எனக்கு வந்தது.

"போன்ல கூப்பிட நான் என்ன கொரியர்க்காரனா? மாப்ளய நேர்ல வரச்சொல்லு."

"மலையேறிப் போயி உங்க அண்ணன் கால்ல விழணுமாக்கும்? எனக்குச் சோலி கெடக்கு" என்றார் கணவர்.

நான் போனால் கணவருக்குக் குறைவா? போகாவிட்டால் அண்ணனுக்குக் குறைவா? என் பிள்ளைக்கு மாமன் உறவே இல்லாமல் போய்விடுமா? இரண்டு நாள் குழம்பினேன். பிறகு மகளுக்குக் குல்லாய் மாட்டி, போடிமெட்டு ஜீப்பில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுப்பாளோ என்று பயம் வேறு.

ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் வாசலில் அண்ணன் நின்றிருந்தார்.

"ஏன் ஆத்தா, மாப்ள வரலியா? பொம்பளய அனுப்பிட்டாராக்கும்!"

"யாரும் அனுப்பலண்ணே. பெத்தவ கூப்பிடுறேன். வந்தா உன் மடி, வராட்டி என் மடி. வெரசாச் சொல்லு, ஜீப்பு கெளம்பப் போகுது."

அண்ணன் மகளைப் பார்த்தார். நான் நீட்டிய தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அந்த இத்தாலிச் சண்டைகளின் நடுவே எத்தனை பெண்கள் இப்படி ஏறி இறங்கினார்களோ... எழுதியவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அண்ணன் மடியில் மகள். பக்கத்தில் வீராப்பாகக் கணவர். ஊசி பட்டதும் மகள் வீறிட்டாள். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேம்பினார். கணவர் அவர் தோளில் முகம் புதைத்தார்!

"மாப்ள, பாக்காதீக..."

"மச்சான், கெட்டியாப் பிடிங்க..."

பேச்சு வந்துவிட்டது, பிடி விட்டுப்போனது. பிள்ளையின் தலையைப் பிடித்தது நான்.

காது குத்திய ஆசாரி எரிச்சலாக நிமிர்ந்தார். "ஆத்தா, இன்னும் ஒரு காது கெடக்கு. மொதல்ல அந்த ரெண்டு பிள்ளைகளையும் வெளிய கூட்டிட்டுப் போங்க!"